மகள் பிரசவத்துக்கு டல்லஸ் போகிறோம், டிக்கெட்டை எப்படி எடுப்பது?

கேள்வி: நான் தஞ்சாவூரில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அமெரிக்காவில் டல்லஸில் இருக்கும் மகளுக்கு ஜூன் நடுவில் பிரசவ தேதி சொல்லியிருக்கிறார்கள். நானும் கணவரும் மே மாதம் கிளம்பி, ஐந்து மாதம் இருந்துவிட்டு வர நினைக்கிறோம். இருவருக்கும் விசா இருக்கிறது. மாப்பிள்ளை ஒரு விலை சொல்கிறார், இங்குள்ள ஏஜென்ட் வேறு விலை சொல்கிறார். திருச்சியிலிருந்து துபாய்க்கு ஒரு டிக்கெட், துபாயிலிருந்து டல்லஸுக்கு இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் ஆளுக்குப் பதினைந்தாயிரம் மிச்சம் என்கிறார் மகனின் நண்பர். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் எடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வூதியப் பணத்தில் போகிறோம், எனக்கு மூட்டுவலி வேறு. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிறீர்கள், முதலில் வாழ்த்துகள். உங்கள் கடிதத்தில் நான்கு பேரின் யோசனை இருக்கிறது. நான்குமே டிக்கெட் வாங்கும் நாளின் விலையைப் பற்றியவை. திரும்பி வரும் தேதி உறுதிதானா என்று ஒருவரும் உங்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. திருச்சியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருக்கிற நான், பிரசவத்துக்குப் போகும் பெற்றோர் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். ஏனென்றால் சொன்ன தேதியில் திரும்புகிறவர்கள் குறைவு. குழந்தை முந்திப் பிறக்கும், மகளின் விடுப்பு நீளும், சம்பந்தி வீட்டார் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்ன தேதி தள்ளிப்போகும், ஊரில் ஒரு கல்யாணம் வைத்துவிடுவார்கள். அப்போது தேதியை மாற்றப் போனால், வாங்கும்போது மிச்சம் பிடித்ததைவிட அதிகம் கொடுக்க வேண்டி வரும்.

விஷயம் இதுதான். ஒரே விமானம், ஒரே எக்கானமி, பக்கத்துப் பக்கத்து இருக்கை, அதே சாப்பாடு. ஆனால் டிக்கெட் வகை வேறு. எமிரேட்ஸில் சேவர், ஃப்ளெக்ஸ், ஃப்ளெக்ஸ் பிளஸ் என்று இருக்கும். ஏர் இந்தியாவில் வேல்யூ, கிளாசிக், ஃப்ளெக்ஸ். தேடும் தளத்தில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஆகக் கீழே உள்ள வகையின் விலைதான். மேலே போகப் போக மாறுவது லக்கேஜ், தேதி மாற்றும் பெனால்டி, ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் பணம். பணம் கட்டும் முன் 'கட்டண விதிகள்' என்ற பகுதியைத் திறந்து, கிளம்பிய பிறகு திரும்பும் தேதியை மாற்ற எவ்வளவு என்ற வரியைத் தேடுங்கள். கிளம்பும் முன் மாற்றுவதற்கு ஒரு தொகை, கிளம்பிய பின் மாற்றுவதற்கு இன்னொரு தொகை என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

கணக்குக்காக ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம். மலிவு வகை 1,05,000 ரூபாய், அதற்கு அடுத்த வகை 1,13,000 ரூபாய். வித்தியாசம் ஆளுக்கு 8,000. மலிவு வகையில் தேதி மாற்றப் பெனால்டி 15,000, அடுத்த வகையில் பெனால்டி இல்லை என்றால், ஒரே ஒரு தடவை தேதியை மாற்றினாலும் மலிவு டிக்கெட்டில் ஆளுக்கு 7,000 நஷ்டம். இரண்டு பேருக்கும் சேர்த்தால் 14,000. நிஜ விலைகள் வேறாக இருக்கும், நீங்கள் பார்க்கும் டிக்கெட்டின் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். தலைமையாசிரியைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 'தேதி மாற்றம் இலவசம்' என்றால் பெனால்டி இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். புதிய தேதியில் உங்கள் விலைக்குரிய இடம் தீர்ந்திருந்தால் கட்டண வித்தியாசத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். எக்கானமிக்குள்ளேயே எழுத்து வைத்துப் பல விலைகளாகப் பிரித்திருப்பார்கள், நாங்கள் அதை 'கிளாஸ்' என்போம். நீங்கள் வாங்கிய கிளாஸ் புதிய தேதியிலும் திறந்திருந்தால் வித்தியாசம் வராது. அதனால் தேதியை மாற்றுவது என்று முடிவானதும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். கடைசி வாரம் வரை தள்ளினால் கீழ் கிளாஸ் எல்லாம் போயிருக்கும்.

சரி, போகும் டிக்கெட்டை மட்டும் இப்போது எடுத்துவிட்டு, திரும்புவதை அங்கே போய் எடுத்தால் என்ன என்று தோன்றும். இவ்வளவு தூரப் பயணத்தில், வளைகுடா நிறுவனங்களிலும் ஐரோப்பிய நிறுவனங்களிலும், ஒருவழி டிக்கெட் பெரும்பாலும் இருவழியில் பாதி விலைக்கு வராது, நிறையவே கூடுதலாக இருக்கும். போதாததற்கு டல்லஸில் இறங்கும்போது குடிநுழைவு அதிகாரி எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டால் காட்ட ஒரு டிக்கெட் கையில் இருப்பது நல்லது. இருவழியாகவே எடுங்கள். பத்து வருட விசா என்பதற்காகப் பத்து மாதம் தங்க முடியாது என்பதும் தெரிந்திருக்கும். எத்தனை நாள் என்பதை அந்த அதிகாரிதான் முடிவு செய்கிறார், வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். ஐ-94 என்ற பதிவில் அந்தக் கடைசித் தேதி இருக்கும். இறங்கிய வாரமே மகளை விட்டு இணையத்தில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பும் தேதியை எத்தனை முறை மாற்றினாலும் அந்தத் தேதியைத் தாண்டக் கூடாது.

இனி உங்கள் மகனின் நண்பர் சொன்ன யோசனை. அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார், இருபத்தைந்து வயதுப் பையன் ஒரு முதுகுப்பையோடு போனால் நானும் சரி என்பேன். உங்களுக்கு வேண்டாம். திருச்சியிலிருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் துபாய் போய், அங்கிருந்து தனி டிக்கெட்டில் எமிரேட்ஸ் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனத்துக்கு உங்கள் பயணம் துபாயோடு முடிந்தது. பெட்டியை டல்லஸ் வரை அனுப்பமாட்டார்கள். நீங்கள் குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து பெட்டிகளை எடுக்க வேண்டும். அதற்கு அமீரக விசா வேண்டும். அமெரிக்க விசா இருக்கும் இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா தருகிறார்கள், ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. அப்புறம் எமிரேட்ஸ் கிளம்பும் மூன்றாம் முனையத்துக்கு நான்கு பெட்டிகளோடு வண்டி பிடித்துப் போய் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். மூட்டுவலியோடு, அதுவும் நடுராத்திரியில்.

லக்கேஜும் இடிக்கும். அமெரிக்கா போகும் டிக்கெட்டுகளில் பெட்டிக் கணக்கு: பல நிறுவனங்களில் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. சில மலிவு வகைகளில் ஒரு பெட்டிதான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். திருச்சி துபாய் விமானத்தில் எடைக் கணக்கு, அது இந்த 46 கிலோவுக்கு எட்டாது. பிரசவத்துக்குப் போகிற அம்மா லேகியம், பத்தியப்பொடி, குழந்தைக்குத் துணி என்று எடுத்துக்கொண்டுதான் போவீர்கள். கூடுதல் எடைக்குக் கட்டும் பணத்திலேயே அந்தப் பதினைந்தாயிரத்தில் பெரும்பகுதி கரையும்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது வேறு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. புதுசாக டிக்கெட் வாங்க வேண்டும். அதோடு, ஒரு டிக்கெட்டில் முதல் பயணத்தைத் தவறவிட்டால் மிச்சத்தையும், திரும்பி வருவது உட்பட, ரத்து செய்துவிடுவார்கள். ஒரே டிக்கெட்டாக, ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவுக் குறியில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. 2025 ஜூன் 23 அன்று கத்தார் திடீரென்று தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது, தோஹா வழியாகப் போக வேண்டிய விமானங்கள் நடுவானில் திரும்பின. அந்த மாதிரி நாளில் ஒரே பிஎன்ஆரில் இருப்பவரை எப்படியாவது ஊர் கொண்டு சேர்க்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு இருக்கிறது. தனித்தனி டிக்கெட் வைத்திருப்பவர் தன் பாட்டைத் தானே பார்க்க வேண்டியதுதான்.

எனவே சென்னையிலிருந்து ஒரே டிக்கெட். டல்லஸுக்குச் சென்னையிலிருந்து ஒரே ஒரு நிறுத்தத்தில் போக நல்ல வழிகள் இருக்கின்றன: எமிரேட்ஸில் துபாய் வழி, கத்தார் ஏர்வேஸில் தோஹா வழி, பிரிட்டிஷ் ஏர்வேஸில் லண்டன் வழி. நியூயார்க், சிகாகோ என்று அமெரிக்காவுக்குள் ஒரு ஊரில் மாறும் டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். அமெரிக்காவில் முதலில் எந்த ஊரில் இறங்குகிறீர்களோ அங்கேயே பெட்டிகளை எடுத்துச் சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். நேராக டல்லஸில் இறங்கினால் அந்தப் பாடு இல்லை, மாப்பிள்ளை வெளியே நின்றுகொண்டிருப்பார். ஹூஸ்டன் வரை எடுத்தால் விலை குறைகிறது என்று சில தேதிகளில் காட்டும். அங்கிருந்து டல்லஸுக்குக் காரில் நான்கு மணி நேரம். பிரசவம் நெருங்கும்போது மாப்பிள்ளையை அவ்வளவு தூரம் அலையவிட வேண்டாம்.

மூட்டுவலிக்காக ஒன்று சொல்கிறேன். துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் டல்லஸுக்கு ஏறத்தாழ பதினாறு மணி நேரம் ஒரே இருப்பு. லண்டன் வழியில் இரண்டு பாதியும் பத்துப் பதினோரு மணி நேரமாகப் பிரியும், நடுவில் இறங்கி நடக்கலாம். சில ஆயிரம் கூடினாலும் உங்களுக்கு அது ஒத்துவரலாம். அமெரிக்க விசா இருப்பதால் லண்டனில் விமானம் மாறுவதற்குத் தனி விசா தேவைப்படாது. இருந்தாலும் வாங்கும் முன் நிறுவனத்திடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த வழியாக இருந்தாலும் நடுவில் மூன்று மணி நேரமாவது இருக்கும்படி எடுங்கள். ஒன்றரை மணி நேர இடைவெளி காகிதத்தில் நன்றாக இருக்கும், விமான நிலையத்தில் ஓட வேண்டியிருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு? திருச்சியிலிருந்து விமானத்தில் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். உள்நாட்டுத் தனி டிக்கெட்டில் வழக்கமாக 15 கிலோதான், மிச்சத்துக்கெல்லாம் பணம் கட்ட வேண்டும். உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தாம்பரத்தில் இறங்கலாம், விமான நிலையம் பக்கத்தில்தான். பகலை ஒரு உறவினர் வீட்டில் கழித்துவிட்டு ராத்திரி விமானத்துக்குப் போகலாம். அல்லது கார் எடுங்கள். டிக்கெட் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இப்போது தேதி. செவ்வாய்க்கிழமை நள்ளிரவுக் கதையை விட்டுவிடுங்கள். எந்தக் கிழமை வாங்குகிறீர்கள் என்பதைவிட எந்தக் கிழமை பறக்கிறீர்கள் என்பதுதான் விலையை மாற்றும். வெள்ளி, சனி, ஞாயிறை விட்டு, செவ்வாய், புதன், வியாழன் கிளம்பினால் பெரும்பாலும் குறையும். உலாவியில் மறைவு நிலையில் தேடினால் விலை இறங்கும் என்பதும் இதே வகைதான். இரண்டாம் தடவை தேடும்போது விலை ஏறியிருந்தால், இடையில் யாரோ அந்த கிளாஸில் கடைசி இடத்தை வாங்கியிருப்பார்கள் அல்லது நிறுவனம் அதை மூடியிருக்கும்.

கிழமையைவிடப் பெரியது பருவம். மே மாதத்தில் இங்கே பள்ளி விடுமுறை, அங்கே பட்டமளிப்பு விழாக்கள், பெற்றோர் கூட்டம் கூட்டமாகக் கிளம்புவார்கள். அது ஜூன் வரை நீளும். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை படிக்கப் போகிற பிள்ளைகளும், விடுமுறைக்கு வந்து திரும்பும் குடும்பங்களும். உங்களால் மே நடுவுக்குப் பதில் ஏப்ரல் கடைசி வாரத்தில் கிளம்ப முடியுமா என்று பாருங்கள். இரண்டு மூன்று வாரம் முன்னால் போவதால் மகளுக்கும் ஒத்தாசை, குழந்தை முந்திப் பிறந்தாலும் நீங்கள் அங்கே இருப்பீர்கள். ஐந்து மாதம் என்றால் செப்டம்பர் கடைசியில் திரும்பலாம், அப்போது அங்கிருந்து இந்தியா வரும் கூட்டம் அவ்வளவாக இருக்காது. ஆறு மாதக் கெடுவுக்கும் ஒரு மாதம் மிச்சமிருக்கும்.

ஜனவரியிலேயே எழுதியிருக்கிறீர்கள், நல்ல நேரம். பறக்கும் நாளுக்குப் பதினொரு மாதம் முன்பே டிக்கெட் விற்பனை தொடங்கிவிடும், ஆனால் அவ்வளவு சீக்கிரம் வாங்கினால் மலிவு என்பது உறுதியில்லை. மூன்று நான்கு மாதத்துக்கு முன் பார்க்கத் தொடங்கி, சில வாரங்கள் கவனித்து, நியாயமான விலை வந்ததும் எடுத்துவிடுவதுதான் என் வழக்கம். கூகுள் ஃப்ளைட்ஸில் சென்னை, டல்லஸ் என்று போட்டுத் தேதிக் கட்டத்தைத் திறந்தால், போகும் தேதி ஒரு பக்கம், வரும் தேதி ஒரு பக்கம் என்று விலைகள் கட்டம் கட்டமாக வரும். ஒரு நாள் முன்னே பின்னே நகர்த்தினால் எவ்வளவு மாறுகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். விலையைக் கண்காணிக்கும் பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும்போது மின்னஞ்சல் அனுப்பும். ஸ்கைஸ்கேனரிலும் பாருங்கள். இவை தேட மட்டும்தான்; வாங்குமிடம் வேறு.

தேடும்போது இதைச் செய்து பாருங்கள். முதலில் ஒரு ஆளுக்கு விலை பாருங்கள், பிறகு இரண்டு ஆளுக்குப் பாருங்கள். ஒருவருக்கு 1,05,000 காட்டியது, இருவர் என்றதும் தலைக்கு 1,12,000 ஆகிவிடும் சில நேரம். மலிவு கிளாஸில் ஒரே இடம்தான் மிச்சம் இருக்கிறது, கணினி இருவருக்கும் சேர்ந்து இடமுள்ள அடுத்த கிளாஸுக்குப் போய்விட்டது என்று பொருள். அப்படி இருந்தால் முதலில் ஒருவருக்கும் பிறகு மற்றவருக்கும் தனித்தனியாக எடுத்து, நிறுவனத்தை அழைத்து இரண்டு பிஎன்ஆரையும் இணைக்கச் சொல்லலாம். அல்லது தேதியை ஒரு நாள் நகர்த்திப் பார்க்கலாம். இருவருக்கும் ஒரே வகை, ஒரே விதிகளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது? விலை ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். உங்களுக்குத் தேதி மாற்றும் வாய்ப்பு அதிகம். மூன்றாவது ஆளிடம் வாங்கிய டிக்கெட்டை மாற்ற அவரிடமே போகச் சொல்வார்கள், அவர் தன் கட்டணத்தையும் சேர்ப்பார். டிக்கெட் தளங்களில் வங்கி அட்டைச் சலுகை இருக்கும்தான், ஆனால் கடைசிப் பக்கத்தில் 'கன்வீனியன்ஸ்' கட்டணம் சேரும். கடைசித் தொகையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். மாப்பிள்ளை அங்கிருந்து எடுத்தால் மலிவா என்றால், சென்னையில் தொடங்கும் பயணத்துக்கு டாலரில் கொடுத்தாலும் ரூபாயில் கொடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் இரண்டு நன்மை உண்டு. அவருடைய அட்டையில் பயணப் புள்ளிகள் சேர்ந்திருந்தால் பயன்படும். இன்னொன்று, அமெரிக்கச் சட்டப்படி அங்குள்ளவர்களுக்கு விற்கும் நிறுவனத் தளத்தில், பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது எடுத்தால், 24 மணி நேரம் விலையை நிறுத்திவைக்கவோ அந்த நேரத்துக்குள் ரத்து செய்து முழுப் பணத்தைத் திரும்பப் பெறவோ வழி தர வேண்டும். ஒரு நாள் யோசிக்க அவகாசம். அவர் அட்டையில் எடுத்தால், செக்-இன்னில் அட்டையைக் காட்டச் சொல்லும் வழக்கம் அந்த நிறுவனத்துக்கு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

உள்ளூர் ஏஜென்ட் மூலம் எடுக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். நல்ல ஏஜென்ட் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு விமானம் ரத்தானாலும் போனை எடுப்பார். அவர் விலை குறைவாக இருந்தால் எடுங்கள், ஆனால் எந்த வகை டிக்கெட், மாற்றினால் அவருக்கு எவ்வளவு, நிறுவனத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். முழுப் பணம் கட்டியதும் பிஎன்ஆர் கொடுப்பார், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறி அது. அது மட்டும் போதாது. பிஎன்ஆர் என்பது இடம் பிடித்து வைத்ததற்கான குறி. டிக்கெட் போட்டால்தான் 13 இலக்க டிக்கெட் எண் வரும். எமிரேட்ஸ் என்றால் 176, கத்தார் என்றால் 157, பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்றால் 125 என்று தொடங்கும். நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆரையும் பெயரையும் போட்டு அந்த எண் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு டிக்கெட் போடாமல் இழுத்தடித்து, இடம் தானாக ரத்தாகி, குடும்பமே விமான நிலையத்தில் நின்ற கதைகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

பெயரை விட்டுவிடாதீர்கள். இனிஷியலோடு வாழ்ந்த நம் ஊர்க்காரர்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும். அவர்களுடைய அமெரிக்க விசாவில் அந்த ஒரே பெயர் சர்நேமாகப் போய், கிவன் நேம் இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகியிருக்கும். உங்கள் இருவரில் யாருக்காவது அப்படி இருந்தால் பணம் கட்டும் முன் நிறுவனத்தை அழைத்து எப்படிப் போட வேண்டும் என்று கேளுங்கள். சிலர் எஃப்என்யு என்றே போடச் சொல்வார்கள், சிலர் ஒரே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்வார்கள். வாங்கிய பிறகு திருத்தினால் செலவு, சில நேரம் டிக்கெட்டையே ரத்து செய்து மறுபடி வாங்க வேண்டி வரும்.

சக்கர நாற்காலி உதவி கேட்கக் கூச்சப்படாதீர்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. டிக்கெட் எடுத்ததும் பதிந்துவிடுங்கள், பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பு அது பதிவில் இருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிடுங்கள். துபாயோ லண்டனோ, நடுவில் மாறும் இடத்தில் அடுத்த வாசல் வரை ஆள் கூடவே வருவார். உங்கள் கணவரையும் கூட அழைத்துக்கொள்வார். மருத்துவக் காப்பீடு இல்லாமல் அமெரிக்கா கிளம்பாதீர்கள், அதன் தொகையையும் பயணச் செலவில் இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு மகளிடம் பேசி, ஏப்ரல் கடைசி வாரம் ஒத்துவருமா என்று மட்டும் கேளுங்கள். அது முடிவானால் சென்னை டல்லஸ், ஒரே பிஎன்ஆர், தேதி மாற்றப் பெனால்டி இல்லாத வகை என்று மூன்று நிறுவனங்களில் விலை எடுத்து, கட்டண விதிப் பக்கத்தோடு எனக்கு அனுப்புங்கள். வாங்கும் முன் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.